யாருக்கு என்று கேட்ட டாக்டர்

அந்த டாக்டரம்மாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பார்த்து எட்டு வருஷம் ஆகிறது, இன்னும் பிடிக்கவில்லை. ஆனாலும் வாரத்தில் ஒரு நாளாவது என் காதுக்குள் வந்து நின்று கத்திவிட்டுப் போகிறார்.

கத்துவார் என்பதைச் சும்மா சொல்லவில்லை. அவருக்கு மெதுவாகப் பேச வராது. அவருடைய அப்பா சங்கு குளித்தவராம். ஆழத்துக்குப் போய்ப் போய் இரண்டு காதும் அடைத்துவிட்டதாம். அந்த வீட்டில் சோற்றுக்கு உப்புக் கேட்டாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். படித்துப் பல் டாக்டராகி, தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு வலைக்கடைக்கு மேல் மாடியில் ஆஸ்பத்திரி வைத்த பிறகும் அந்தத் தொண்டை மாறவில்லை. உள்ளே ஒருவருக்குச் சொல்வது வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முன்னால் போனவர்களின் வீட்டு விவகாரம் பாதி தெரிந்துவிடும்.

ஐம்பது வயது இருக்கும். குள்ளம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. ஊரார் பல்லையெல்லாம் சரிசெய்கிறவருக்கு முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பேருக்கு நடுவில் வறுத்த கடலையை வாயில் போட்டுக்கொள்வார், நாம் பேச ஆரம்பித்தால் மென்றுகொண்டே கேட்பார்.

புதனும் சனியும் மத்தியானத்துக்கு மேல் டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளை மட்டும்தான் பார்ப்பார். அந்தப் பிள்ளைகளில் நிறையப் பேருக்குப் பல்லைக் கடிக்கிற பழக்கம் உண்டு. தூக்கத்தில் மட்டுமில்லை, பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நறநறவென்று கடிப்பார்கள். அதற்கு அவர் வெளிச்சம் வைப்பார். பேனா அளவுக்கு ஒரு கருவி, அதன் நுனியில் சிவப்பு வெளிச்சம். கன்னத்தில், தாடையில், நெற்றிப்பொட்டில் என்று இடம் பார்த்துப் பார்த்து வைத்து எடுப்பார். சுடாது, வலிக்காது. கடித்துக் கடித்து முறுக்கிக் கிடக்கிற தாடைச் சதை அதில் கொஞ்சம் தளரும் என்பார். தளராமலும் போகலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவார். நல்லாயிடும், கவலைப்படாதீர்கள் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

என் தங்கை செல்விக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு இருபத்து நாலு. மாப்பிள்ளையூரணியில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. அவர் கல்லாவை விட்டு எழுந்து வரமாட்டார். அம்மாவால் மாடி ஏற முடியாது. ஆக, செல்வியைக் கூட்டிக்கொண்டு போகிற வேலை என் தலையில் விழுந்தது. அதற்கு முன்னால் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்று, மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. பிள்ளை பல்லைக் கடித்தால் வீட்டுக்கு ஆகாது என்று சொந்தக்காரர்கள் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் எங்களுக்கு முன்னால் காயல்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் கணவர் துபாயில் வேலையாக இருந்தார். டாக்டரிடம் தானே பேச வேண்டும் என்று போனில் முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தார். பையன் பல்லைக் கடிக்கிற சத்தம் தாங்க முடியவில்லை, எப்படியாவது நிறுத்துங்கள் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை.

“யாருக்குத் தாங்கல?” என்றார் டாக்டர்.

எல்லாருக்கும்தான் என்றார் அந்த மனிதர்.

“கடலுக்கு அந்தப் பக்கம் துபாய் வரைக்கும் ஒமக்குக் கேக்கோ?”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அந்த அம்மா போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டபடி எங்களைத் தாண்டிப் போனார். அவருடைய கண்ணைப் பார்த்த பிறகும் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அடுத்து எங்கள் முறை.

வீட்டில் ஒருவராலும் நிம்மதியாக இருக்க முடியவில்லை டாக்டர் என்று நான் ஆரம்பித்தேன். யாருக்கு என்று கேட்பார் என்று தெரிந்தும் வேறு மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை. அவர் கேட்கவில்லை. நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். வாயைத் திற என்றார். எனக்கில்லை, தங்கைக்கு என்றேன். உனக்குத்தான் என்றார். சுருட்டிய பஞ்சு ஒன்றை என் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் வைத்தார்.

“கடி. விடாத. நான் சொல்லுத வர விடாத.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்திலேயே எனக்குக் காதோரம் வலி பிடித்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செல்வி என்னைப் பார்த்துக் கைதட்டினாள். ஒரு நிமிஷம் ஆனதும் பஞ்சை எடுத்துவிட்டு, செல்வியை வாய் திறக்கச் சொல்லி, இவள் நாளெல்லாம் இப்படித்தான் கடிக்கிறாள், கடைவாய்ப் பல் நாலும் தேய்ந்து தட்டையாகிவிட்டது என்று காட்டினார். இப்போது சொல், யாருக்குத் தாங்கவில்லை என்றார். வெளியே பெஞ்சு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போயிருப்பேன், சத்தம் நின்றாக வேண்டுமே என்று உட்கார்ந்திருந்தேன். அங்கே வருகிற அப்பா அம்மாக்கள் எல்லோருக்கும் முதல் நாள் அந்தப் பஞ்சு உண்டு என்பது பிறகு தெரிந்தது. சாயங்காலம் வரைக்கும் எனக்குத் தாடை வலித்தது.

பிள்ளைகளிடம் மட்டும் அவருக்கு வேறொரு குரல் இருந்தது. குனிந்து, வாயைக் காதருகே கொண்டுபோய், மூச்சுவிடுகிற அளவுக்குச் சத்தத்தில் கேட்பார்.

“லைட்டு வைக்கட்டா?”

பிள்ளை தலையாட்டினால்தான் வைப்பார். வேண்டாம் என்று ஆட்டினால் வைக்கமாட்டார். செல்விக்கு அங்கே மாட்டிவிடுகிற கண்ணாடி பிடித்துப் போனது. வெளிச்சம் கண்ணில் படாமல் இருக்க ஆளுக்கொரு பச்சைக் கண்ணாடி, டாக்டருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு டாக்டரும் இவளும் ஒருவரையொருவர் பார்த்தால் போதும், செல்வி விழுந்து விழுந்து சிரிப்பாள். வீட்டில் புதன்கிழமை காலையிலேயே விரலை வளையமாக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு, போகலாமா என்று என் முன்னால் வந்து நிற்பாள்.

ஒரு சனிக்கிழமை பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தவர். அந்தப் பிள்ளை தலையை ஆட்டிவிட்டது. டாக்டர் கருவியை மேஜையில் வைத்துவிட்டார். அந்த மனிதர் கெஞ்சினார். போன தடவையும் இப்படித்தான் திரும்பினோம், சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றார். டாக்டர் அசையவில்லை. கடைசியில் அவர் மகளின் தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “நான் புடிச்சுக்கிடுதேன், நீங்க வைங்கம்மா” என்றார்.

டாக்டர் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். “அவ வேண்டாங்கா. பெறவு கூட்டிட்டு வாரும்” என்றார். அவ்வளவுதான்.

அந்த ஆள் படிக்கட்டில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். படித்த திமிர் என்று நினைத்தேன். இந்த அம்மாவுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் தெரியும் என்றும் நினைத்தேன்.

எங்களுக்கு ஒரு நோட்டு கொடுத்திருந்தார். காலையில், மத்தியானத்தில், இரவில் சத்தம் எவ்வளவு நேரம் வந்தது என்று நாள்தோறும் நான் எழுதிக்கொண்டு போக வேண்டும். ஐந்தாறு தடவை வெளிச்சம் வைத்த பிறகு மத்தியானச் சத்தம் குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது. புதிய ஆட்களைக் கண்டாலும் வீட்டில் ஆரவாரம் என்றாலும் மட்டும் பழையபடி கடிப்பாள். செல்வி இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றிச் சோற்றை மெல்ல ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் அவள் ஒரே பக்கம் மென்றாள் என்பதே எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சாகுபுரத்தில் கெமிக்கல் கம்பெனியில் வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு. அதற்கு முன்னால் இரண்டு இடம் செல்வியைப் பார்த்ததும் காப்பியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போயிருந்தார்கள். ரத்தத்தில் இருக்கும், நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்று பயம். அதனால் இந்தத் தடவை அவளைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பெண் பார்க்க வருகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர் ஒன்றுதான், சத்தம் கேட்டுவிடுமே என்று எனக்குக் கவலை. இந்த இடமும் போனால் அப்பா என்னைக் கடையிலேயே உட்கார வைத்துவிடுவார்.

புதன்கிழமை டாக்டரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுதாக நிற்க வேண்டும், கூடக் கொஞ்ச நேரம் வெளிச்சம் வையுங்கள் என்றேன்.

“யாருக்கு?”

“எனக்கு. எனக்குத்தான். என்னப் பொண்ணு பாக்க வாராவ.”

அவர் கடலை மெல்வதை நிறுத்தினார். முதல்தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். “இத்தன நாள்ல நீ ஒருத்திதான் நேராச் சொல்லிருக்க” என்றார். பிறகு, கூட வைத்தால் கூடக் கேட்கும் என்று இல்லை, அளவுக்குத்தான் வைக்க முடியும் என்றார். அதோடு விட்டிருக்கலாம். தங்கச்சியைப் பக்கத்திலேயே உட்கார வை, வருகிறவன் பார்க்கட்டும், பார்த்துவிட்டு எழுந்து போகிறவன் போகட்டும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. “ஒங்களுக்கு என்ன டாக்டர். ஒங்கள யாரு பொண்ணு பாக்க வந்தா, இது தெரியதுக்கு?” என்றேன்.

நான் அவரை வலிக்கிற இடத்தில் அடித்தேன் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தபோது சந்தோஷமாகவும் இருந்தது. அவர் பச்சைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்வியின் காதில் குனிந்து, லைட்டு வைக்கட்டா என்று கேட்டார். செல்வி தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. திருச்செந்தூரில் யாருக்கோ காதுகுத்தாம், முதல் நாள் இரவே அவசரமாகக் கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. செல்வியைப் பின்னறையில் கட்டிலில் உட்கார வைத்தோம். முன்னறையில் ஏழெட்டுக் குரல்கள் கேட்டதும் அவளுக்குக் குஷி தாங்கவில்லை. நறநறவென்று ஆரம்பித்துவிட்டாள்.

நான் பட்டுப்புடவையோடு பின்னறைக்குப் போனேன். அதட்டினேன், கிள்ளினேன். சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. அப்போதுதான் டாக்டரின் பஞ்சு எனக்கு ஞாபகம் வந்தது. என் ரோஸ் கலர்க் கைக்குட்டையை மடித்துச் சுருட்டி அவளுடைய கடைவாயில் வைத்தேன். “கடி. விடாத. அக்கா சொல்லுத வர விடாத” என்றேன். அவள் துப்பிவிட்டாள். மறுபடியும் வைத்து, கொடியில் கிடந்த துப்பட்டாவை எடுத்து நாடிக்கு அடியில் கொடுத்து, காதோரமாக மேலே இழுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டேன். இறுக்கித்தான் போட்டேன். சத்தம் நின்றது.

அம்மா வந்து பார்த்தாள். “ஏளா, நாடிக்கட்டு மாதிரில்லா இருக்கு” என்றாள். செத்தவர்களுக்கு வாய் திறந்துவிடாமல் கட்டுகிற கட்டு அது. ஆனால் அம்மா அவிழ்க்கவில்லை. காப்பித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். செல்வி அழவில்லை. கதவு மூடுகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அவர்களுக்கு என்னைப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். போகும்போது ஒரு பெரிய முந்திரி மக்ரூன் பாக்கெட்டை அம்மாவிடம் கொடுத்தார். வண்டி கிளம்பியதும் அப்பா தரகருக்குப் போன் போட்டார், அம்மா பெரியம்மாவுக்குப் போட்டாள். நான் கண்ணாடி முன்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டேன். மக்ரூனைப் பிரித்துத் தின்றோம். பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். செல்விக்கு இலை போடலாம் என்று அம்மா எழுந்தபோதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. மறந்துவிட்டோம். கட்டி விட்டு மறந்தே போய்விட்டோம்.

அவள் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் விடச் சொல்லவில்லை என்று கைக்குட்டையைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை டாக்டரிடம் போனோம். அன்றைக்குக் காலையிலும் விரலை வளையமாக்கிக் காட்டுவாள் என்று பார்த்தேன், காட்டவில்லை. நாடிக்கு அடியில் சிவப்பாகத் தடம் இருந்தது, காதோரம் தோல் உரிந்திருந்தது. டாக்டர் பார்த்தார். செல்வியின் காதில் கேட்டு, அவள் சரி என்றதும் வாயைத் திறந்து பார்த்தார். இடுக்கியை எடுத்துக் கடைவாய்ப் பல் இடுக்கிலிருந்து ஒரு நூலை உருவினார். ரோஸ் கலர் நூல். நான் கொண்டுவந்திருந்த நோட்டைத் திறந்து ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை எடுத்தார். காலை, சத்தம் இல்லை என்று நான் எழுதியிருந்தேன். அந்த வரியின் மேல் நூலை வைத்தார்.

நான் காத்துக்கொண்டிருந்தேன். யாருக்கு என்று கேட்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் சொல்லிவிடலாம், அழுதுவிடலாம் என்று இருந்தது. அவர் கேட்கவில்லை. நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். “இத லைட்டு கணக்குல நான் எழுத மாட்டேன்” என்றார். என்னிடம் முதல்தடவையாக மெதுவாகப் பேசினார். பெஞ்சில் இருந்த ஒருவருக்கும் அது கேட்டிருக்காது.

பிறகு செல்வியிடம் குனிந்து, லைட்டு வைக்கட்டா என்று கேட்டார். செல்வி வேண்டாம் என்று தலையாட்டினாள். டாக்டர் கருவியை வைத்துவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னார்.

சனிக்கிழமை போனோம், வேண்டாம் என்று ஆட்டினாள். அடுத்த புதன்கிழமையும் ஆட்டினாள். அன்றைக்கு நான் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் பிடித்துக்கொள்கிறேன், வையுங்கள் டாக்டர் என்றேன். சொன்ன பிறகுதான் இதை யார் சொன்னது என்று ஞாபகம் வந்தது. டாக்டர் சுவிட்சை அணைத்தார். அதற்குப் பிறகு நாங்கள் போகவில்லை. இப்போது அந்த மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. அவர் எங்கே போனார் என்று வலைக்கடையில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

கல்யாணம் நடந்தது. ஒரு மாதம் கழித்து என் மாமியார் ஒரு நாள் பேச்சுவாக்கில், பெண் பார்க்க வந்த அன்று உன் தங்கையைக் காணவே இல்லையே என்றார். அவளைப் பற்றித் தரகர் முதலிலேயே சொல்லியிருந்தாராம். அந்த மக்ரூன்கூட மாமியார் அவளுக்கு என்றுதான் வாங்கினாராம். கேட்டால் நீங்கள் வருத்தப்படுவீர்களோ என்று நானும் கேட்கவில்லை என்றார்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. செல்வி இப்போது சாகுபுரத்தில் எங்களோடு இருக்கிறாள். இருபது வயது. கடைவாய்ப் பல் இரண்டை எடுத்தாயிற்று. என் வீட்டுக்காரர் அவளிடம் பிரியமாகத்தான் இருக்கிறார். வீட்டில் யாரும் அவளை அதட்டுவது இல்லை, மறைப்பதும் இல்லை.

ஆனால் வாசலில் மணி அடித்தால் போதும், செல்வி எழுந்து உள்ளறைக்குப் போவாள். பீரோவைத் திறந்து என் துப்பட்டா ஒன்றை எடுப்பாள். தன் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்து, நாடிக்குக் கீழே துணியைக் கொடுத்து, உச்சியில் தானே முடிச்சுப் போடுவாள். நன்றாகவே பழகிவிட்டாள். போட்டுவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்வாள். துப்பட்டாவையெல்லாம் ஒளித்து வைத்துப் பார்த்தேன், தலையணை உறையைக் கழற்றிக் கட்டிக்கொண்டாள். ஒருதடவை நானே வலுக்கட்டாயமாக அவிழ்த்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு விருந்தாளிகள் போகிற வரைக்கும் நடுங்கிக்கொண்டு இருந்தாள்.

இப்போது நான் வேறு ஒன்றும் செய்வதில்லை. அந்த டாக்டரம்மா குனிகிற மாதிரி குனிந்து, அவள் காதில் மெதுவாகக் கேட்கிறேன்.

“அவுத்து விடட்டா?”

செல்வி வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். நான் கையை எடுத்துக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு, வாசலுக்குப் போய் வந்தவர்களை வாருங்கள் என்கிறேன்.